உயிர் தமிழுக்கு, 40 மார்க் மொழியியலுக்கு

2025 ஜனவரி 5. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கருத்தரங்கு. சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்து நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாடினார்கள். சிந்துவெளி எழுத்தைத் தெளிவாகப் படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றே மார்ஷலுக்குச் சிலை வைக்க அடிக்கல்லும் நாட்டப்பட்டது. சிலை இல்லாமல் இந்த மண்ணில் ஆராய்ச்சி தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பத்து லட்சம் டாலர் என்றால் அன்றைய மதிப்பில் எட்டரைக் கோடி ரூபாய். நல்ல காரியம். குறை சொல்லவில்லை. ஆனால் பரிசை வாங்க யார் வரப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த எழுத்தைத் தொடுவதற்கே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மொழி எப்படிக் கட்டப்படுகிறது, ஆயிரம் வருஷத்தில் எப்படி உருமாறுகிறது, இரண்டு மொழிகள் உறவுக்காரர்கள் என்று எதை வைத்து நிரூபிப்பது. இதையெல்லாம் கற்றுத்தரும் துறைக்கு மொழியியல் என்று பெயர். நம் கல்லூரிகளில் அது எங்கே இருக்கிறது? தமிழ் இலக்கியத்துக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் ஓரமாக, ஒரு தாளாக, இரண்டு தாளாக. துணைப்பாடமாக. மாணவர்கள் வழக்கில் சொன்னால், ‘அலைட்’. பாஸ் மார்க் 40.

பரிசுக்கு எட்டரைக் கோடி. பாடத்துக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு பீரியட்.

அந்த பீரியடுக்குள் போய்ப் பார்ப்போம். முதல் அலகு, ‘மொழியின் தோற்றம் பற்றிய கொள்கைகள்’. நாய் குரைப்பதைக் கேட்டு மனிதன் பேசத் தொடங்கினான் என்பது ஒரு கொள்கை. வலியில் ஐயோ என்று கத்தியதிலிருந்து பேச்சு வந்தது என்பது இன்னொன்று. கூட்டமாகப் பாரம் இழுக்கையில் போட்ட ஐலசாவே மொழியானது என்பது மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஊகங்கள். இந்த மாதிரி ஊகங்கள் தொல்லை தாங்காமல்தான் பாரிஸ் மொழியியல் கழகம், மொழியின் தோற்றம் பற்றி எங்களுக்கு யாரும் கட்டுரை அனுப்பாதீர்கள் என்று 1866-ல் தன் விதிகளிலேயே எழுதிவைத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பாரிஸ் கதவடைத்த சங்கதிக்கு நம் கேள்வித்தாளில் இன்றும் 15 மார்க். நாய் குரைத்தால் பாஸ்.

அடுத்த அலகு, பேச்சுறுப்புகள். தலையை நெடுக்கில் வெட்டிய படம் ஒன்று வரும். அதைப் பார்த்து வரைந்து பாகம் குறிக்க வேண்டும். மாணவர் வரையும் நாக்கு மாவடு மாதிரி இருக்கும். பரவாயில்லை, பென்சிலில் வரைந்து அம்புக்குறி போட்டால் மார்க் விழும். சொந்த வாய்க்குள் விரலை விட்டு ல எங்கே பிறக்கிறது, ழ எங்கே பிறக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொல்கிற வகுப்பு அபூர்வம். வாய் சிலபஸில் இல்லை. இத்தனைக்கும் எழுத்துகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்ல ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். அதற்குப் பிறப்பியல் என்று பெயர். பக்கத்து வகுப்பில், அதே கட்டடத்தில், இன்னொரு தாளில் அதே மாணவர் அதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். இரண்டும் ஒரே சமாச்சாரம் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. தாள் வேறு, செமஸ்டர் வேறு, நோட்ஸ் வேறு.

மூன்றாவது, ஒலியன். இங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. ஒலியன், மாற்றொலி என்பதற்கு நோட்ஸில் கொடுக்கும் உதாரணம் என்ன? ‘பின்’, ‘பின்’. முதலாவது குண்டூசி, இரண்டாவது குப்பைத்தொட்டி. இரண்டும் ஆங்கிலம். அமெரிக்கப் பாடப்புத்தகத்திலிருந்து 1950-களில் யாரோ எடுத்தெழுதியது, எழுதியவர் ஓய்வு பெற்று, அவருடைய மாணவர் ஓய்வு பெற்று, இன்று ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் உயிரோடு இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி இருக்கிறதே, எதற்காக இது இரண்டு ஒலி என்று ஒரு பிள்ளை கேட்டால், அதுதான் பாடமே! நம் வாயில் ‘பல்’லின் ப வேறு, ‘கம்பு’வின் ப வேறு. ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் எழுத்தும் ஒன்று. மாற்றொலிக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணத்தை உலகத்தில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். இதற்கு விதி வகுத்துக் கால்டுவெல் 1856-ல் அச்சிட்டே விட்டார். கலை, களை, கழை என்று மூன்று சொல்லை வரிசையாகச் சொல்லிவிட்டால், ஒலி மாறப் பொருளும் மாறும் ஒலியனும் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. நாம் குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் எழுதி ஐந்து மார்க் வாங்குகிறோம்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மதுரைப் பக்கத்துக் கல்லூரி என்றால் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பையன் ஒருவன் இருப்பான். தெலுங்கு பேசும் பெண்கள் இரண்டு பேர் இருப்பார்கள். கன்னடம் பேசும் வீட்டிலிருந்து ஒருவர், உருது பேசும் வீட்டிலிருந்து ஒருவர். நீலகிரி என்றால் படுகரும் இருளரும். நாற்பது பேர் வகுப்பில் ஐந்து மொழி, பத்து வட்டார வழக்கு. ஒரு மொழியியலாளன் காசு செலவழித்து, விசா வாங்கி, கொசுக்கடி பட்டுத் தேடிப்போகும் சரக்கு முழுவதும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், வகுப்பு எழுந்து உட்காரும். கேட்பதில்லை. கேட்டால் சிலபஸ் முடியாது. இன்டர்னல் 25 மார்க்குக்கு அசைன்மென்ட் வேண்டும். அதை வலைதளத்திலிருந்து இறக்கிப் பூப்போட்ட அட்டை போட்டுக் கொடுத்தால் ஆயிற்று. பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பூக்காரம்மாவின் பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்து வந்து எழுது என்று சொல்ல எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஒருவேளை அதுதான் சிக்கலோ? செலவே இல்லாத காரியத்தில் யாருக்கு என்ன அக்கறை?

ஆசிரியரைத் திட்டத் தோன்றும். திட்டாதீர்கள். அரசுக் கல்லூரியில் அந்த வகுப்பை எடுப்பவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது அரசின் முடிவு. 2025-ல் மாதம் 25,000 ரூபாய். வருஷத்துக்கு 11 மாதம். மே மாதத்தில் அவருக்குப் பசிக்காது என்று நிதித்துறை கண்டுபிடித்திருக்கிறது. மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. டெல்லி சொன்னால் எதிர்ப்பதுதானே நம் மரபு. இதிலும் மரபைக் காத்தோம். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் சங்க இலக்கியம் எடுக்கிறார், சிற்றிலக்கியம் எடுக்கிறார், ஆள் இல்லாத குறைக்கு மொழியியலும் எடுக்கிறார். அவர் படித்த காலத்திலும் அவருக்கு அது துணைப்பாடம்தான். குண்டூசி அவரிடம் வந்து சேர்ந்த கதை இதுதான்.

துணைப்பாடம் என்பதே கேவலமா? அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. இந்தத் துறைக்கு நம் மண்ணில் அடித்தளம் போட்டவர்களில் பலருக்கு மொழியியல் இரண்டாம் வேலைதான். எல்லிஸ் சென்னையின் கலெக்டர். வரி வசூலித்துக்கொண்டே, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816-ல் சான்று காட்டி எழுதினார். கால்டுவெல்லுக்கு முதன்மைப் பாடம் இயேசு. இடையன்குடியில் கோயில் கட்டுவதற்கும் ஊழியம் செய்வதற்கும் நடுவில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்புகளுக்கு நடுவே தமிழ்-பிராமிக் குகைகளில் ஏறி இறங்கினார். 1977-ல் அவர் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பை வைத்துக்கொண்டுதான் இன்று எட்டரைக் கோடிக்கு எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். இவர்களுக்கு இது ‘அலைட்’தான். ஆனால் யாரும் 40 மார்க்குக்குப் படிக்கவில்லை.

கால்டுவெல்லுக்கு 1968-ல் மெரினாவில் சிலை வைத்தோம். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வரிசையாக வைத்த சிலைகளில் அதுவும் ஒன்று. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் பழைய கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் எத்தனை பேருக்கு அந்த மனிதர் என்ன எழுதினார் என்று தெரியும்? தெரியாது. சுண்டல் விற்பவருக்குத் தெரியும், அது ‘பாதிரியார் சிலை ஸ்டாப்பிங்’ என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பட்டப்படிப்பு முடிக்கவில்லை.

ஒரு காலத்தில் இப்படி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை 1960-களில் உயர் ஆய்வு மையம் என்ற தகுதியோடு நடந்தது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், ச. அகத்தியலிங்கம் என்று பெயர் சொன்னால் உலகம் திரும்பிப் பார்த்த காலம். மாணவர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள், மீனவர் குப்பத்துக்குப் போனார்கள், இலக்கணம் இல்லாத மொழிகளுக்கு இலக்கணம் எழுதினார்கள். 2013-ல் அந்தப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதன்பின் அந்த வளாகத்தைப் பற்றிச் செய்தித்தாளில் அதிகம் அடிபட்ட சொல் எது? ஒலியனா, உருபனா? ‘உபரி ஆசிரியர்கள்’.

முதுகலை மொழியியல் படித்தவருக்கு என்ன வேலை? பள்ளியில் அப்படி ஒரு பாடம் இல்லை. ஆகவே முதுகலை ஆசிரியர் தேர்வில் அப்படி ஒரு பணியிடம் இல்லை. நெட் தேர்வில் மொழியியலுக்கு 31 என்று ஓர் எண் இருக்கிறது. எண் இருக்கிறது, நாற்காலி இல்லை. வேலை இல்லாததால் படிக்க ஆள் வருவதில்லை. ஆள் வராததால் துறை தேய்கிறது. துறை தேய்ந்ததால் வேலை இல்லை. இந்த வட்டத்தைச் சுற்றி நின்று நாம் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறோம்.

நீலகிரிக்கு ஒருமுறை போய்வருவோம். கனடாவில் பிறந்த எமனோ என்பவர் 1935-லிருந்து மூன்று வருஷம் அங்கே உட்கார்ந்து தோடர்களின் பேச்சையும் கோத்தர்களின் பேச்சையும் எழுதினார். அந்த உழைப்பு வளர்ந்து 1961-ல் பர்ரோ என்ற அறிஞருடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியாக வந்தது. ஆக்ஸ்போர்டில் அச்சானது. தோடர் மொழியில் ரகரத்தை உருட்டும் விதம் மட்டும் நாக்கின் மூன்று இடங்களில் வேறுபடும். உலகத்தில் இது அபூர்வம். அதை அளந்து 1996-ல் கட்டுரை போட்டவர்களில் கலிபோர்னியாவின் லாடிஃபோகட் இருந்தார், தெலுங்கு நாட்டின் பேரி பாஸ்கரராவ் இருந்தார். ஊட்டி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து சில மணி நேரம். நம் மாணவர் அங்கே போகாமல் இல்லை. வருஷா வருஷம் காலேஜ் டூர் போகிறார். தாவரவியல் பூங்கா, படகு, வர்க்கி. தோடர்களோடு செல்ஃபி.

தோடர் மொழியைப் பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பத்தாயிரத்துக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியாகக் காட்டாது. ‘மற்றவை’ என்று ஒரு வரியில் போட்டுவிடும். டெல்லி நம் மொழியை ஓரங்கட்டுகிறது என்று நாம் சொல்வது உண்மை. நம் மலையில் நாம் ஓரங்கட்டியிருப்பது எதை என்று கேட்டால் மட்டும் கூட்டம் முடிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாடம் ஏன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது? பணம் இல்லாமல் இல்லை. மாநாட்டுக்குப் பந்தல் போடப் பணம் இருக்கிறது. கட்டட உச்சியில் ‘தமிழ் வாழ்க’ என்று விளக்கு எரிய மின்சாரம் இருக்கிறது. காரணம் வேறு. மொழியை வைத்துப் பிழைப்பவர் எவருக்கும் மொழியியல் சௌகரியப்படாது.

மேடையில் ஏறி ‘உலகின் முதல் மொழி’ என்று முழங்கலாம். கைதட்டல் நிச்சயம். மொழியியல் படித்தவன் கீழே உட்கார்ந்திருந்தால் சங்கடம். எந்த மொழிக்கும் பிறந்த தேதி கிடையாது, கிடைத்த சான்றுக்குத்தான் தேதி உண்டு என்பான். உங்களிடம் இரண்டாயிரம் வருஷத்துக் கல்வெட்டும் இலக்கியமும் இருக்கின்றனவே, அந்த அசல் பெருமை போதாதா, எதற்கு டூப்ளிகேட் என்று கேட்பான். அவனை எந்த மேடையில் ஏற்றுவது?

2025 மே மாதம் நடந்தது நினைவிருக்கும். தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம் என்று கமல்ஹாசன் ஒரு சினிமா விழாவில் சொன்னார். கர்நாடகம் கொதித்தது. படம் ஓடாது என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நீங்கள் வரலாற்றாசிரியரா, மொழியியலாளரா என்று அங்கே கேள்வி எழுந்தது. நாடு முழுக்க ஒரு வாரம் மொழியியல் வகுப்பு நடந்தது. தொலைக்காட்சி விவாதத்தில் கட்சிக்காரர் இருந்தார், திரைப்படத் தயாரிப்பாளர் இருந்தார், பொதுநல வழக்கறிஞர் இருந்தார். ஆசிரியர் மட்டும் இல்லை. தமிழும் கன்னடமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அந்தத் தாய்க்கு மூலத் திராவிடம் என்று அறிஞர்கள் பெயரிட்டிருக்கிறார்கள், அவள் தமிழும் இல்லை கன்னடமும் இல்லை — மூன்று வரி. இரண்டாம் ஆண்டு மாணவர் எழுத வேண்டிய இரண்டு மார்க் விடை. இரண்டு மாநிலத்திலும் அது தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

டெல்லிக்கும் இதே நோய், பெரிய அளவில். 2011 கணக்கெடுப்பின்படி இந்தி பேசுகிறவர்கள் 52 கோடிக்கு மேல். மலைப்பாக இருக்கிறதா? உள்ளே பாருங்கள். போஜ்புரி பேசும் ஐந்து கோடிப் பேரை இந்தியில் போட்டிருக்கிறார்கள். ராஜஸ்தானி அதில். சத்தீஸ்கரி அதில். இப்படி ஐம்பதுக்கும் மேல். என் தாய்மொழி இந்தி என்று தாங்களே சொன்னவர்கள் 32 கோடிதான். மிச்சம் 20 கோடியை எந்த மொழியியலாளரும் பெற்றெடுக்கவில்லை, ஓர் அட்டவணை பெற்றெடுத்தது. சமஸ்கிருதம் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். எல்லா மொழிக்கும் அவளே தாய் என்று சொல்லும் மந்திரிகள் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பில் இல்லை. இந்த அட்டவணைகளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த பத்தாயிரம் பட்டதாரிகள் நாட்டில் இருந்தால் என்ன ஆகும்? வடக்கே ஒரு கட்சிக்குத் தலைவலி, தெற்கே நாலு கட்சிக்கு. எனவே அனைத்துக் கட்சி ஒருமனதாக, பேசிக்கொள்ளாமலேயே, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. மொழியியல் துணைப்பாடமாகவே இருக்கட்டும்.

சாதாரண மனிதனுக்கும் அதில் ஒரு நஷ்டம் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ‘வந்துச்சு’ என்று சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. கொச்சை என்கிறார் பேராசிரியர். அந்தப் பிள்ளை மூன்று வருஷம் வாயை மூடிக்கொள்கிறது. பேச்சு வழக்குக்கும் விதி உண்டு, ‘வந்துச்சு’ எந்த விதிப்படி வருகிறதோ அதே விதிப்படிதான் ‘போச்சு’ம் ‘ஆச்சு’ம் நிற்கின்றன, உன் பாட்டி இலக்கணப் பிழையாக ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய ஒரே பாடம் அந்தக் கல்லூரியில் இதுதான். அந்த பீரியடில் அவர்கள் நாய் குரைத்த கொள்கையை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் டெல்லி ஒரு மருந்து கண்டுபிடித்தது. மருந்தின் பெயர் ‘மைனர்’. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022 டிசம்பரில் யு.ஜி.சி. கொடுத்த சட்டகத்தின்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட். மேஜருக்கு 60. மைனருக்கு 24. இயற்பியல் படிப்பவர் மொழியியலை மைனராக எடுக்கலாம், கணினி படிப்பவர் எடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் கண்ணீர் வருகிறது, அத்தனை அழகு. நடப்பில்? எந்த ஆசிரியர் சும்மா இருக்கிறாரோ அவருடைய பாடம்தான் மைனர். மொழியியலுக்கு ஆசிரியரே இல்லாத கல்லூரியில் மொழியியல் மைனரை எந்தக் கொள்கை நடத்தும்? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் பட்டத்தை 2013-ல் கொண்டுவந்தார்கள், 2014-ல் தூக்கினார்கள், 2022-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். சிலபஸைக் கோலம் மாதிரி போட்டுப் போட்டு அழிக்கிறார்கள். நடுவில் நின்ற பிள்ளைகளின் காலில் மாவு.

நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. வீரம்தான். இந்தித் திணிப்புக்கு எதிராக நிற்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ஏற்காமல் விட்ட இடத்தில் என்ன வைத்திருக்கிறோம்? அங்கே மைனர், இங்கே அலைட். அங்கே 24 கிரெடிட்டுக்கு ஆள் இல்லை, இங்கே இரண்டு தாளுக்கு ஆள் இல்லை. கூட்டாட்சித் தத்துவம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிசகில்லாமல் வேலை செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சந்தை விழித்துக்கொண்டது. பல்கலைக்கழகம்தான் தூங்குகிறது. கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2022 ஜூலையில் ஒன்றிய அரசு பாஷினி என்று மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கியது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கு. தோடர் மொழிக்கு அதில் ‘மற்றவை’ என்ற இடம்கூட இல்லை. தனியார் நிறுவனங்கள் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்து, துண்டு போட்டு, வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அடையாளம் குறிக்க ஆள் எடுக்கின்றன. திருநெல்வேலிக்காரர் பேசினால் கருவிக்குப் புரியவில்லை, சாகுபடி பற்றி விவசாயி கேட்டால் அது சினிமாப் பாட்டைப் போடுகிறது என்று பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வட்டார வழக்கு தெரிந்த, ஒலியை எழுதத் தெரிந்த, சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரிக்கத் தெரிந்த ஆள். பி.ஏ. தமிழ் படித்தவர் மூன்றாண்டு ஒழுங்காக மொழியியல் படித்திருந்தால் நேராகப் போய் உட்கார்ந்திருப்பார். படித்தது குண்டூசி. ஆகவே பொறியாளர் அந்த வேலையையும் தானே ஊகித்துச் செய்கிறார், தப்பாகச் செய்கிறார். நம் பட்டதாரி அதே நிறுவனத்தின் வாசலில் உணவுப் பொட்டலத்தோடு நின்று ‘சார், ஓ.டி.பி. சொல்லுங்க’ என்கிறார்.

தேர்வுத் துறைக்கு என்னால் முடிந்த உதவி ஒன்று செய்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். நேரம் மூன்று மணி. மதிப்பெண் நூறு. துணைவேந்தர்கள், அமைச்சர்கள், மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. இரண்டு மார்க் கேள்வி: ஆட்சிக்கு வந்ததும் வாழ்த்தப்படுவதும் ஆட்சியில் இருக்கும்போது மறக்கப்படுவதும் ஒரே மொழியா, இரண்டா? ஐந்து மார்க்: ‘உயர் ஆய்வு மையம்’, ‘உபரி ஆசிரியர்’ ஆகிய இரண்டையும் ஒரே வளாகத்தில் பொருத்திக் காட்டுக. பத்து மார்க்: 25,000 ரூபாயை 11 மாதத்தால் பெருக்கி, 12 மாதம் சாப்பிடுவது எப்படி? செய்முறை விளக்கம் தேவை, படம் வரைந்து பாகம் குறிக்கலாம். பதினைந்து மார்க்: உங்கள் பேரப்பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறது? முகவரியுடன் விடையளிக்கவும். கட்டாய வினா: எட்டரைக் கோடிப் பரிசை வெல்லக்கூடிய ஒரு மாணவரை உருவாக்கும் துறைக்குச் சென்ற பட்ஜெட்டில் நீங்கள் ஒதுக்கிய தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.

கேள்விகள் கடினமாக இருக்கின்றன என்று யாரும் பயப்பட வேண்டாம். வெளியே வந்ததும் ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள். விசாரணைக் குழு போடுவார்கள். எல்லோருக்கும் கிரேஸ் மார்க் 40.